காலத்த பூசையா, அந்தி செபமாலையா

அந்தக் கிறிஸ்தவ சேனல்ல வர்ற காலத்த பூசை, அந்தி செபமாலை, ரெண்டுல ஒண்ணுதான் நம்ம கேபிள்ல கிடைக்கும், எதுன்னு நீயே பாத்துக்கோன்னு சொல்லிட்டு முதலாளி ஃபோனை வச்சிட்டாரு. நான் அந்தியை எடுத்தேன். அது தப்புன்னு இன்னைக்கும் எனக்குத் தோணல. ஆனா சரிதான்னு நிம்மதியா சொல்லவும் முடியல, அதான் எழுதுறேன்.

கேபிள் கன்ட்ரோல் ரூம்ல இருந்தவங்களுக்கு இது புரியும். அந்தச் சின்ன சேனல் வந்தது ஒரு வயசான சாட்டிலைட்ல. எரிபொருள் குறைஞ்சு வந்தா முதல்ல நிறுத்துறது வடக்கு-தெற்கா அதை இழுத்துப் பிடிக்கிற வேலையைத்தான், ஏன்னா எரிபொருள்ல பெரும்பங்கை அதுதான் தின்னும், கிழக்கு-மேற்குக்குக் கொஞ்சம் போதும். நிறுத்திட்டா சூரியனும் சந்திரனும் இழுக்கிற இழுப்புல பாதை வருஷத்துக்கு முக்கால் டிகிரிக்கு மேல சாய்ஞ்சுக்கிட்டே போகும். 35,786 கிலோமீட்டர் உயரத்துல அசையாம நிக்கிதுன்னு நாம நினைக்கிற சாமான் ஒரு நாளைக்கு ஒரு தடவை வடக்க போயி தெக்க வந்து ஊஞ்சல் ஆடும். அப்படி விட்டா இன்னும் சில வருஷம் ஓட்டலாம், வாடகையும் குறையும், சின்ன சேனல்காரங்க அங்க போறது அதனாலதான். 2010 ஜூலைல இன்சாட் 4பி-ல சோலார் பேனல் கோளாறாகி பாதி டிரான்ஸ்பாண்டரை, அதான் சேனலை வாங்கித் திருப்பி அனுப்புற கருவிய, ஒரேயடியா அணைச்சாங்களே, அந்த மாதிரி இல்ல இது. இது மெதுவா வர்ற மூப்பு, முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சொல்லிரலாம்.

நம்ம 12 அடி டிஷ்ஷுக்கு நேர்லேருந்து முக்கால் டிகிரி விலகினாலே சிக்னல் பாதியாயிரும். அனலாக் காலத்துல புள்ளிபுள்ளியாவாவது படம் தெரியும், டிஜிட்டல்ல அந்தக் கருணை கிடையாது, ஓர் அளவுக்குக் கீழ போச்சுன்னா கறுப்புதான். பூசை காலைல 6 மணிக்கு, செபமாலை அந்திக்கு 6 மணிக்கு. நடுவுல சரியா 12 மணி நேரம், அதாவது அந்த மாசங்கள்ல பூசைக்கு சாட்டிலைட் வடக்கு முனைல, செபமாலைக்கு தெக்கு முனைல. டிஷ்ஷை ஒண்ணுக்கு வச்சா இன்னொண்ணு போச்சு, நடுவுல வச்சா ரெண்டும் போச்சு.

அதுவரைக்கும் எனக்கு இந்தத் தொழில் சொல்லிக்குடுத்த ஆசான்தான் ரெண்டு வேளையும் மாடி ஏறி ஸ்பேனரை வச்சுத் திருப்பிக்கிட்டு இருந்தாரு. நம்ம ஊர்ல இது லேசான வேலை இல்ல. 83 டிகிரி கிழக்குல நிக்கிற சாட்டிலைட்னா நாகர்கோவில் பக்கத்துல டிஷ் 78 டிகிரி நிமிந்து ஏறக்குறைய உச்சி வானத்தப் பாத்துக்கிட்டு இருக்கும், அப்படி மல்லாந்து கிடக்கிற டிஷ்ஷுல சாட்டிலைட் கொஞ்சம் நகந்தாலும் பக்கவாட்டுல பல மடங்கு திருப்பணும். மழை பெய்ஞ்சா அடித்துவாரத்தை ரப்பர் இலை அடைச்சு தண்ணி கட்டி நிக்கும், ஆசான் விரலை விட்டு அந்த இலையத் தோண்டி எடுத்துட்டு, தண்ணி வடியிற வரைக்கும் நின்னு பாத்துட்டுத்தான் நட்டுல கை வைப்பாரு. மீட்டரப் பாக்கவே மாட்டாரு, எத்தனை சுத்துன்னு கைக்குத் தெரியும்.

ஐப்பசி மழைல ஏணில வழுக்கி முழங்கால் முட்டு போச்சு, ஆசான் வீட்டோட ஆயிட்டாரு. மோட்டார் வைக்கலாம்னு கேட்டேன், சேனல் வேற சாட்டிலைட்டுக்கு மாறப்போகுது, அதுக்குள்ள எதுக்குச் செலவுன்னாரு முதலாளி, அதுவும் நியாயம்தான். நீயே ஏறியிருக்கலாமேன்னு கேப்பீங்க. ஏறினேன், கொஞ்ச நாள். விடியக்காலம் இடி வெட்டும்போது கையில இரும்பு ஸ்பேனரோட மொட்டை மாடில நின்ன அன்னைக்கு நிறுத்திட்டேன். அப்புறம்தான் முதலாளி அப்படிச் சொன்னாரு. எந்த நேரத்துல படம் போனா கம்ப்ளைன்ட் கூடுதலா வருதுன்னு நோட்டைப் புரட்டிப் பாத்தேன், அந்திதான். அப்படியே டிஷ்ஷை அந்திக்கு வச்சு நட்டை முறுக்கிட்டேன்.

அதுக்கப்புறம் குறும்பனை பக்கத்துலேருந்து ஒரு அம்மா கூப்பிட்டாங்க. "மக்களே, காலத்த பூசை வரல்லியே."

நான் விளக்கமாவே சொன்னேன். சாட்டிலைட்டுக்கு வயசாச்சும்மா, அது ஆடுற ஆட்டம் தினமும் நாலு நிமிஷம் முந்திக்கிட்டே வரும், மூணு மாசம் பொறுத்தீங்கன்னா காலைல 6 மணிக்கும் அந்திக்கு 6 மணிக்கும் ஆட்டத்தோட நடுவுல வந்துரும், அப்போ காலத்தயும் கிடைக்கும் அந்திக்கும் கிடைக்கும்னேன்.

கேட்டுக்கிட்டே இருந்துட்டு சொன்னாங்க, "அந்திக்குப் பாக்குறவங்க நடந்து கோயிலுக்குப் போவாங்கல்லா மக்களே. எங்க வீட்டுல உள்ளவருக்கு காலத்த ஒரு மணிக்கூர்தான் போதம் உண்டு."

"இல்லம்மா, அந்திக்குத்தான் ஆளு கூடுதல்"னேன்.

"செரி மக்களே"ன்னு வச்சிட்டாங்க.

சண்டை போட்டிருந்தா நான் மறந்திருப்பேன். திட்டுற ஃபோன் எத்தனையோ வந்திருக்கு, ஒண்ணும் மனசுல நிக்கல. இந்த 'செரி' நிக்குது. நோட்டுல இருந்தது ஃபோன் பண்ணத் தெம்பும் நேரமும் இருந்தவங்களோட கணக்கு, காலைல 6 மணிக்குப் படுத்த படுக்கைல பாக்குறவர் யாருக்கு ஃபோன் பண்ணுவாருன்னு அப்போ யோசிக்கல. சரி, யோசிச்சிருந்தா மட்டும் மாத்தியிருப்பேனா? அந்திக்குப் பாக்குறவங்கள்லயும் நடக்க முடியாதவங்க இருந்திருப்பாங்க, அவங்களும் ஃபோன் பண்ணியிருக்க மாட்டாங்க. மேல சாட்டிலைட்டை ஓட்டுறவங்களும் இதைத்தான செய்யுறாங்க, கடைசில 300 கிலோமீட்டர் மேல ஏத்தி ஒதுக்குறதுக்கு எரிபொருள் மிச்சம் வைக்கணும், டேங்க்ல எவ்வளவு இருக்குன்னு அச்சரம் பிசகாம அளக்கவும் முடியாது, ஒண்ணைக் காப்பாத்த இன்னொண்ண விட்டுத்தான் ஆகணும். இதை எனக்கு நானே நிறைய தடவை சொல்லிப் பாத்துட்டேன். ஆனா அந்தம்மா கேட்டதுக்கு இது பதிலே இல்ல.

மூணு மாசம்னு நான் சொன்ன கணக்கு பிசகல, டிஷ்ஷை நடுவுக்குக் கொண்டுவந்து ரெண்டையும் எடுத்தேன். அந்த நம்பருக்குக் கூப்பிட்டுச் சொல்லணும்னு நினைச்சேன், கூப்பிடல. வீட்டுல உள்ளவரு எப்படி இருக்காருன்னு கேக்க வேண்டி வருமேங்கிற பயம்தான்.

ஆசான் வீட்டுக்குப் போனப்போ இதைச் சொன்னேன். நீங்களா இருந்தா எதை எடுத்திருப்பீங்கன்னு கேட்டேன். "நான் எதுக்கு மக்கா எடுக்கணும், ரெண்டுக்கும் ஏறியிருப்பேன்"னாரு. எனக்குக் கோவம்தான் வந்துச்சு. ஏற முடியாதுன்னு ஆன பிறகுதான ஆசானே இந்தக் கேள்வியே வருதுன்னு சத்தமாவே கேட்டுட்டேன். அவரு முழங்கால் முட்டைத் தடவிக்கிட்டே, "அதுக்கு என்கிட்ட பதில் இல்ல பாத்துக்கோ"ன்னாரு.