பிச்சாவரம் போய்வந்த பிறகு எங்கள் ஏரிக்கு வாய்க்கால் மீட்டது

பாலக்கோடு பக்கம் எங்கள் ஊர் ஏரியைச் சரிசெய்யலாம் என்று பேச்சு வந்தபோது எல்லாரும் முதலில் கேட்டது மரக்கன்றைப் பற்றித்தான். எத்தனை கன்று, என்ன மரம், எந்த நர்சரியில் வாங்குவது என்று. அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் நானும் எங்கள் ஊர்ப் பையன்கள் சிலரும் பிச்சாவரம் போய் அலையாத்திக் காட்டு நடவு வேலையில் கைகொடுத்துவிட்டு வந்திருந்தோம். அதனால்தான் கன்றை அப்புறம் பார்க்கலாம், முதலில் தண்ணீர் வரும் வழியைப் பார்ப்போம் என்று மல்லுக்கு நின்றேன்.

பிச்சாவரத்தில் ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கி 1970கள் வரை காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து மொட்டையாக வெட்டியிருக்கிறார்கள். நிழல் போனதும் சேறு வெயிலில் காய்ந்து, தரை தொட்டி மாதிரி குழிந்துவிட்டது. பெரிய ஓதத்தில், அதாவது கடல் பொங்கும் நேரத்தில், உள்ளே ஏறும் கடல்தண்ணீர் திரும்பிப்போக வழியில்லாமல் தேங்கி, வற்றி, உப்பை மட்டும் விட்டுவிடும். அங்கே உமரி என்கிற உப்புநிலச் செடி முளைக்கும், அலையாத்தி வகையான கண்டல் மரம் நிற்காது. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து அங்கே மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டினார்கள். நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், இரண்டு பக்கமும் சாய்வாகச் சின்னச் சின்னக் கிளைகள். ஓதம் ஏறும்போது தண்ணீர் உள்ளே வந்து, இறங்கும்போது உப்பை அலசிக்கொண்டு போய்விடும். அதற்குப் பிறகுதான் நடவு, அதுவும் வாய்க்காலின் சரிவில்.

நாங்கள் வெண்கண்டல் விதையைத் தண்ணீரில் ஊறப்போட்டுத் தோலை உரித்தோம். உள்ளே இரண்டு தடித்த பச்சை இலைகள் ஒன்றையொன்று மடித்துப் பிடித்துக்கொண்டு நட்டால் போதும் என்கிற நிலையில் இருக்கும். இன்னொரு அலையாத்தி மரமான சுரபுன்னைக்கு அந்த வேலையும் கிடையாது, மரத்திலேயே முளைத்து நீளமாகத் தொங்குவதைப் பறித்துச் சேற்றில் செருகினால் சரி. ஆனால் எங்கே செருகுவது என்பதை எங்களுக்குச் சொன்னது அங்கே கையால் தடவி மீன் பிடிக்கிற இருளர் அக்கா ஒருவர். “இங்க வேணாம் தம்பி, தண்ணி நிக்கும், அழுகிடும்” என்று காலாலேயே ஆழம் பார்த்துச் சொன்னார். வாய்க்கால் தூர்ந்தால் மறுபடி தூர்வார வேண்டும், அதை ஊர்க்காரர்களை விட்டால் யார் கவனிப்பார்கள்? 2004 சுனாமியில் காட்டுக்குப் பின்னால் இருந்த குடியிருப்புகளில் சேதம் குறைவாக இருந்ததை அவர்கள் கண்ணால் பார்த்தவர்கள். ஒகேனக்கல்லில் நாம் பார்க்கிற காவிரி, மேட்டூர் தாண்டிக் கொள்ளிடத்தில் மிஞ்சி வந்தால்தான் அந்தக் காட்டுக்கு நல்ல தண்ணீர் என்பதும் அங்கே போனபிறகுதான் எனக்கு உறைத்தது.

சரி, எங்கள் ஏரிக்கு வருகிறேன். முதலில் ஏரி யாருடையது என்று தெரிய வேண்டும். ஏரித் தண்ணீர் பாயும் நிலம், அதாவது ஆயக்கட்டு, நூறு ஏக்கருக்குக் குறைவு என்றால் ஊராட்சி ஒன்றியம், அதற்கு மேல் நீர்வளத்துறை. எங்களுடையது ஒன்றியத்து ஏரி. அப்புறம் விஏஓவிடம் நிலத்தின் அளவைக் காட்டும் புலப்படமும், எந்த நிலம் யாருடையது என்று சொல்லும் அ பதிவேட்டு நகலும் வாங்கினோம். மலையடியிலிருந்து வரும் வரத்துக் கால்வாய் படத்தில் தெளிவாக இருந்தது, தரையில் பாதி தூரம் சீமைக் கருவேலம், மீதி தூரம் கேழ்வரகு. கிராம சபையில் தீர்மானம் போட்டு, கால்வாயை அளந்து தரச் சொல்லி சர்வேயருக்கு மனுக் கொடுத்தோம். மனு ஒரு மேசையில் படுத்துக்கொண்டது, போய்ப் போய்க் கேட்டுத்தான் எழுப்ப முடிந்தது. தீர்மான நகலைக் கையோடு கொண்டுபோங்கள், அது இருந்தால் பேச்சே வேறு.

அளந்து கல் நட்டதும் கேழ்வரகு போட்டிருந்த பெரியப்பா கொதித்துவிட்டார். எனக்கு அவர்மேல் கோபமே வரவில்லை, அவர் அப்பா காலத்திலிருந்து உழுகிற நிலம். போலீஸ், கேஸ் என்று போக வேண்டாம் என்று பெரியவர்கள் சாயங்காலம் அவர் திண்ணையிலேயே உட்கார்ந்து பேசினார்கள். “அறுப்பு முடியட்டும், டிராக்டர் தாண்ட ரெண்டு குழாய் போட்டுக் குடுங்க, நானே வெட்டிவிடறேன்” என்றார். அப்படியே செய்தோம், குழாய்க்கு ஏரிக்குக் கீழே பாசனம் பெறுகிறவர்கள் பணம் போட்டார்கள். மேல் பகுதியை நூறு நாள் வேலையில் சேர்த்தோம். கால்வாய் எங்கே வளைகிறது, எங்கே மண் சரியும் என்று அங்கே ஆடு மேய்க்கிற பெண்கள் சொன்னது படத்தில் இல்லாத விஷயம், அதைக் கேட்டுத்தான் கரையின் சாய்வை மாற்றினோம்.

ஐப்பசி மழையில் தண்ணீர் ஏரி வரை வந்தது. அதன்பிறகு கரையில் பனங்கொட்டை போட்டோம், உள்வாயில் ஒன்றும் நடவில்லை, அது தண்ணீர் நிற்க வேண்டிய இடம். தார்ரோட்டுக்கு அடியில் உள்ள சிறுபாலம் மட்டும் இன்னும் உயரமாகவே இருக்கிறது, பாதித் தண்ணீர் அங்கேயே திரும்பிவிடுகிறது. அதற்கான மனுவில் இப்போது பெரியப்பாவும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.