எந்தப் பக்கம் இறங்கணும்?

மும்பைக்குப் புதிதாக வருபவர்கள் முதலில் லோக்கல் ட்ரெயின் மேப்பைத் திறந்து பார்ப்பார்கள். சர்ச்கேட்டிலிருந்து விரார் பக்கம் போவது ஒரு லைன், வி.டி.யிலிருந்து (விக்டோரியா டெர்மினஸ், இப்போதைய பெயர் சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ்) தானே, கல்யாண் ஊர்களுக்குப் போவது ஒன்று, பன்வேல் போகும் ஹார்பர் லைன் ஒன்று. பார்த்ததும் இவ்வளவுதானா என்று தோன்றும். வழி சுலபம்தான். எங்கே நிற்பது என்று தெரிந்துகொள்வதில்தான் கஷ்டமெல்லாம் இருக்கிறது. கல்யாணமாகித் திருநெல்வேலியிலிருந்து சயானுக்கு வந்த புதிதில் இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் கீழ்வீட்டு அக்கா. தாராவியிலேயே பிறந்து வளர்ந்தவர், பேச்சில் இன்னும் நெல்லை வாடை போகவில்லை. "எங்க இறங்கணும்னு கேக்காத. எந்தப் பக்கம் இறங்கணும்னு கேளு" என்பார்.

பிளாட்பாரம் ஒரு ஸ்டேஷனில் இடப்பக்கம் வரும், அடுத்ததில் வலப்பக்கம் வரும். வண்டி அரை நிமிஷம் நின்றாலே பெரிது. ஆகவே இறங்குவதற்கு இரண்டு ஸ்டேஷன் முன்பே எழுந்து, சரியான வாசல் பக்கம் நகர ஆரம்பிக்க வேண்டும். முன்னால் நிற்பவரின் தோளைத் தொட்டு "தாதர்?" என்று கேட்டால் போதும். அவரும் இறங்குபவர் என்றால் தலையசைப்பார், பின்னாலேயே ஒட்டிக்கொள்ளலாம். இல்லையென்றால் உடம்பை ஒருக்களித்து உங்களை முன்னால் விட்டுவிட்டு, அவர் பின்னால் போய்விடுவார். நெரிசலில் மூச்சு முட்டும்போதுகூட இந்த இடமாற்றம் தடங்கலில்லாமல் நடக்கும். தாதர் வந்ததும் வரிசை தானாக வெளியே கொட்டும். நாம் காலைத் தூக்கி வைத்தால் மட்டும் போதும்.

உட்காருவதற்கும் ஒரு முறை இருக்கிறது. லேடீஸ் பெட்டியில் ஏறியதும் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவரிடமும் "கிதர் உதர்னேகா?" (எங்கே இறங்கணும்?) என்று கேட்டுக்கொண்டே போவார்கள். ஒருத்தி "குர்லா" என்றால், குர்லாவுக்கு அப்புறம் அந்த இடம் கேட்டவருக்குத்தான். நடுவில் வேறு யாராவது வந்து கேட்டால், உட்கார்ந்திருப்பவரே "சொல்லிட்டாங்க" என்று கண்ணால் காட்டிவிடுவார். மூன்று பேர் சீட்டில் நான்காவதாக ஒருவர் அரை உடம்போடு ஒட்டிக்கொள்வதும் வழக்கம்தான். கொஞ்சம் தள்ளி உட்காரச் சொன்னால் முகத்தைச் சுளித்துக்கொண்டே தள்ளுவார்கள். முகச்சுளிப்பைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், இடம் கிடைத்துவிட்டதல்லவா.

வண்டி எது என்று பார்ப்பது அடுத்த வேலை. ஸ்லோ எல்லா ஸ்டேஷனிலும் நிற்கும். ஃபாஸ்ட் முக்கியமானவற்றில் மட்டும்தான். எங்கள் சயானில் ஃபாஸ்ட் நிற்காது. நான் ஆபீசுக்கு அந்தேரி போக வேண்டும். ஸ்லோவில் தாதர் வரை போய், பிரிட்ஜ் ஏறி மேற்கு லைனுக்கு, அதாவது சர்ச்கேட்-விரார் லைனுக்கு மாறுவேன். முன்பு தாதரில் இரண்டு லைனுக்கும் தனித்தனியாகப் பிளாட்பாரம் ஒன்று, இரண்டு என்றுதான் எண்ணுவார்கள். விருந்தாளிகளிடம் "மூன்றாம் பிளாட்பாரத்தில் நில்லுங்கள்" என்றால் எந்த மூன்று என்று குழம்பிப் போவார்கள். 2023 டிசம்பரில் 1 முதல் 14 வரை தொடர் எண் கொடுத்துவிட்டார்கள், நிம்மதி. இன்னொன்று: அந்தேரிக்கோ போரிவிலிக்கோ போகிறவர்கள் விரார் ஃபாஸ்ட்டில் ஏறக் கூடாது. விரார்க்காரர்கள் தூரம் போகிறவர்கள், பாதி வழியில் இறங்குபவருக்கு அவ்வளவு லேசில் வழி விடமாட்டார்கள்.

ஃபர்ஸ்ட் கிளாஸ் பெட்டியும் வெளியிலிருந்து பார்க்க மற்றவை மாதிரியேதான் இருக்கும். சிவப்பும் மஞ்சளுமாகச் சாய்ந்த பட்டை இருந்தால் அது ஃபர்ஸ்ட் கிளாஸ், சாதா டிக்கெட்டோடு ஏறினால் அபராதம். தம்பதியாக வருபவர்களுக்கு நான் சொல்வது, மனைவி லேடீஸ் பெட்டியிலும் கணவர் பொதுப் பெட்டியிலும் ஏறுவதாக இருந்தால், இறங்கிய பிறகு எங்கே சந்திப்பது என்று ஏறும் முன்பே பேசிவிடுங்கள். பிரிட்ஜ் படிக்கட்டு அடியில் என்றால் எந்த பிரிட்ஜ் என்றும் சொல்லுங்கள். ஊர் சுற்ற வந்தவர்களுக்கென்றே ஒரு நாள், மூன்று நாள், ஐந்து நாள் டூரிஸ்ட் டிக்கெட் இருக்கிறது, கவுண்டரில் கேட்டால் கொடுப்பார்கள். என் மாமனாருக்கு இதிலெல்லாம் அக்கறை இல்லை. 1853-இல் நாட்டின் முதல் பயணிகள் ரயில் போரிபந்தரிலிருந்து (வி.டி. இருக்கும் இடம்) தானேவுக்கு ஓடியது இந்தப் பாதையில்தான் என்று சொன்னதும், நின்றுகொண்டு வந்த கோபத்தைக்கூட மறந்து வெளியே எட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

பஸ் விஷயத்தில் எழுத்துதான் பிரச்சினை. மும்பையின் டவுன் பஸ்ஸான சிவப்பு பெஸ்ட் பஸ்ஸின் நெற்றியில் எண் தேவநாகரியில், அதாவது இந்தி, மராத்தி எழுத்தில் இருக்கும். அவர்களுடைய ஒன்று நம் கண்ணுக்கு ஒன்பது மாதிரி தெரியும். பக்கவாட்டில் நமக்குத் தெரிந்த எண் இருக்கும், ஆனால் அதைப் படிப்பதற்குள் பஸ் நம்மைத் தாண்டிவிடும். ஒரு ராத்திரி உட்கார்ந்து பத்து எண்களையும் கற்றுக்கொள்வது நல்லது. டிக்கெட் 2025 மே மாதம் ஏறியது; குறைந்தபட்சம் 10 ரூபாய், ஏசி என்றால் 12.

ஆட்டோ மேற்கே பாந்த்ரா வரைக்கும் கிழக்கே சயான் வரைக்கும்தான், அதற்குத் தெற்கே டாக்ஸிதான். இரண்டிலும் மீட்டர் போடுவார்கள். பேரம் பேசியே பழகிய நம் ஊர்க்காரர்களுக்கு இதை நம்புவது கஷ்டம், என் அத்தை இறங்கும்வரை மீட்டரையே பார்த்துக்கொண்டு வந்தார்.

விருந்தாளிகளுக்கு இப்போது நான் அதிகம் சிபாரிசு செய்வது சுரங்க மெட்ரோ, அக்வா லைன். 2025 அக்டோபரில் ஆரேயிலிருந்து கஃப் பரேட் வரை முழுதாகத் திறந்துவிட்டது. ஏர்போர்ட், தாதர், சித்திவிநாயகர் கோவில், மகாலட்சுமி, வி.டி. என்று வந்தவர்கள் கேட்கும் இடமெல்லாம் அதில் இருக்கிறது. ஏசி, எஸ்கலேட்டர், பெரியவர்களுக்கு லிஃப்ட். லோக்கலில் ஏறியே ஆக வேண்டும் என்றால் காலையில் தெற்கே போகும் வண்டியையும், சாயங்காலம் வடக்கே போகும் வண்டியையும் விட்டுவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் குறைவு, ஆனால் அன்றுதான் மெகா பிளாக் என்று பாதை வேலைக்காகச் சில வண்டிகளை நிறுத்திவைப்பார்கள். முந்தைய நாளே பேப்பரில் பார்த்துக்கொள்ள வேண்டும். பெருமழை நாளில் சயான், குர்லா தண்டவாளத்தில் தண்ணீர் ஏறிவிட்டால் வீட்டிலேயே இருப்பது உத்தமம்.

அத்தை ஊருக்குத் திரும்பும்போது வி.டி.யில் நாகர்கோவில் எக்ஸ்பிரஸ் பிடிக்க வேண்டும், ராத்திரி வண்டி. மூட்டை முடிச்சோடு டாக்ஸிதான் வேண்டும் என்று அத்தை ஒரே பிடிவாதம். சாயங்காலம் வி.டி. பக்கம் போகும் லோக்கல் பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கும், கூட்டமெல்லாம் எதிர்த் திசையில். ரோட்டில் மாட்டிக்கொள்வதைவிட அதுவே மேல் என்று கூட்டிப்போனேன். வி.டி.யில் மட்டும் ஒரு சிக்கல் உண்டு. வண்டி நிற்பதற்குள்ளேயே சீட் பிடிக்க வெளியிலிருந்து குதித்து ஏறுவார்கள். "நாம இறங்கவே இல்லியே, அதுக்குள்ள இவளுக ஏறுறாளுகளே!" என்று அத்தை வாசலுக்குக் கிளம்பினார். கையைப் பிடித்து உட்காரவைத்தேன். ஏறுகிறவர்கள் உட்கார்ந்து முடிக்கட்டும், கடைசி ஸ்டேஷன், வண்டி எப்படியும் சில நிமிஷம் நிற்கும். பெட்டியை ஒவ்வொன்றாகக் கொடுத்து நிதானமாக இறங்கலாம்.