புது கார்ல இருக்குற டெக்னாலஜி தரமா இல்லையான்னு எப்படிப் பாக்குறது

சொந்தக்காரங்கள்ல யாரு கார் எடுத்தாலும் எனக்கு ஒரு போன் வந்துடும். முன்னெல்லாம் மைலேஜ் எவ்வளவு, டீசலா பெட்ரோலா, வித்தா விலை போகுமா, இவ்வளவுதான் கேள்வி. இப்ப கும்பகோணத்துலேருந்து மாமா பேசுனாலும் சரி நீடாமங்கலத்துலேருந்து சித்தப்பா பையன் பேசுனாலும் சரி, எடுத்த எடுப்புலயே "பெரிய ஸ்கிரீன் இருக்காம், 360 கேமரா இருக்காம், அடாஸ் இருக்காம், எடுத்துடலாமா"ன்னுதான் ஆரம்பிக்குறாங்க (அடாஸ்ன்றது வண்டியே ரோட்டைப் பாத்து எச்சரிக்குற, தானா பிரேக் போடுற மாதிரியான ஓட்டுநர் உதவி வசதிங்க). இருக்கான்னு கேக்குறாங்க, எப்படி வேலை செய்யுதுன்னு யாரும் கேக்குறதில்ல. ஷோரூம்ல வண்டி நிக்குது, ஏசி ஓடுது, சேல்ஸ்ல இருக்குற தம்பி பக்கத்துல உக்காந்து ஒவ்வொண்ணா தொட்டுத் தொட்டுக் காட்டுறாரு, நிக்குற வண்டியில எந்த ஸ்கிரீனும் அழகாத்தான் இருக்கும்.

நான் பாக்குறது ஒண்ணே ஒண்ணுதான். ஓட்டுறவங்க கண்ணு ரோட்டை விட்டு எவ்வளவு நேரம் விலகுது? அதை எந்த வண்டி கம்மி பண்ணுதோ அதுல இருக்குறது தரமான டெக்னாலஜி, அதிகமாக்குச்சுன்னா எத்தனை இன்ச் இருந்தாலும் எனக்கு அது தரம் கிடையாது.

இது என் மனசுக்குத் தோணுன அளவு மட்டும் இல்ல. அமெரிக்காவுல ரோடு பாதுகாப்பைப் பாக்குற என்ஹெச்டிஎஸ்ஏ 2013லயே ஒரு வழிகாட்டி போட்டுச்சு, காருக்குள்ள ஒரு வேலை செய்யணும்னா ஒரு தடவை கண்ணு போனா 2 செகண்டுக்குள்ள திரும்பிடணும், மொத்த வேலையும் சேத்து 12 செகண்டைத் தாண்டக்கூடாதுன்னு. 2 செகண்ட்தானேன்னு தோணும். 60ல போறப்ப 2 செகண்டுல வண்டி 33 மீட்டர் போயிடும். நம்ம வெண்ணாத்தங்கரை ரோட்டையோ ஒரு பக்கம் வாய்க்கால் ஒரு பக்கம் வயல்னு போற எந்த ரோட்டையோ நினைச்சுப் பாருங்க, எதிர்ல மினி பஸ் வந்தா ஒருத்தர் இறங்கி வழி விடணும், அறுப்பு முடிஞ்ச வயல்லேருந்து வாத்துக் கூட்டம் சட்டுனு ரோடு ஏறும், 33 மீட்டர்ன்றது அங்க ரொம்பப் பெரிய தூரம்.

சுவீடன்ல 'வி பிலேகரே'ன்னு ஒரு கார் பத்திரிகை 2022ல ஒரு டெஸ்ட் பண்ணாங்க, எனக்கு ரொம்பப் பிடிச்ச டெஸ்ட் அது. 11 புது வண்டி, கூடவே 2005ம் வருஷத்து வால்வோ வி70 ஒண்ணு, பழைய விமான ஓடுதளத்துல 110 கிலோமீட்டர் வேகத்துல ஓட்டிக்கிட்டே சீட் ஹீட்டரைப் போடு, டெம்பரேச்சரை ரெண்டு டிகிரி ஏத்து, ரேடியோல ஒரு ஸ்டேஷனைப் பிடி, டிரிப் மீட்டரை ரீசெட் பண்ணு, டேஷ்போர்டு லைட்டைக் குறைன்னு சில வேலைங்க. ஓட்டுறவங்களுக்கு முன்னாடியே ஒவ்வொரு வண்டியையும் பழகிக்க நேரமும் குடுத்திருந்தாங்க. முழுக்க பட்டன் வச்ச அந்தப் பழைய வால்வோல எல்லாம் 10 செகண்டுல முடிஞ்சுடுச்சு, அதுக்குள்ள வண்டி போன தூரம் 306 மீட்டர். கடைசியா வந்த எம்ஜி மார்வெல் ஆர் எடுத்துக்கிட்டது 44.9 செகண்ட், 1372 மீட்டர். ஒண்ணேகால் கிலோமீட்டருக்கும் மேல கவனம் ரோட்டுக்கும் ஸ்கிரீனுக்கும் நடுவுல அலையுது. பதினேழு வருஷ வித்தியாசத்துல இதையா முன்னேற்றம்னு சொல்றது?

எங்க மன்னார்குடி அத்தை ஒரு தடவை புது வண்டியில முன்னாடி சீட்ல உக்காந்துட்டு குளுருதுன்னு ஏசியைக் குறைக்கப் பாத்தாங்க, ஸ்கிரீனைத் தொட்டா பாட்டு மாறுது, இன்னொரு இடத்தைத் தொட்டா மேப் வருது. "ஏன்டா, விசிறியைக் குறைக்கறதுக்கு ஒரு திருகு கூடவா வைக்கல இவ்வளவு விலை வண்டியில"ன்னாங்க. "இருங்க அத்தை"ன்னு ஓட்டிக்கிட்டிருந்த நான் வண்டியை ஓரமா நிறுத்திட்டுத்தான் குறைச்சேன். அத்தை கேட்டது நூத்துக்கு நூறு நியாயம். ஐரோப்பாவுல புது வண்டிங்களைச் சோதிச்சு பாதுகாப்புக்கு மார்க் போடுற யூரோ என்கேப் 2026 ஜனவரியிலேருந்து இண்டிகேட்டர், ஹசார்டு லைட், ஹாரன், வைப்பர், அவசரத்துக்கு உதவி கூப்பிடுற எஸ்ஓஎஸ் இந்த அஞ்சும் கையில தட்டுப்படுற மாதிரி தனியா இல்லாம ஸ்கிரீனுக்குள்ள போயிருந்தா மார்க்கைக் குறைக்குது. வோக்ஸ்வாகன் கம்பெனியே இனிமே வர்ற வண்டியில சத்தம், ஏசி சூடு, ஃபேன், ஹசார்டுக்கெல்லாம் பட்டன் திரும்ப வரும்னு 2025ல சொல்லிடுச்சு. அதனால டெஸ்ட் டிரைவ் போறப்ப நீங்க பண்ண வேண்டியது, முதல்ல வண்டியை நிறுத்தி எது எங்க இருக்குன்னு பாத்துக்கங்க, அப்புறம் ஓட்டுறப்ப கண்ணு ரோட்டுலயே இருக்க கையை மட்டும் நீட்டி ஃபேன் குறைக்க, கண்ணாடிப் பனி எடுக்க, சத்தம் குறைக்க முடியுதான்னு பாருங்க. முடியலன்னா பழகப் பழக சரியாயிடும்னு சொல்லுவாங்க, தட்டையான கண்ணாடியில விரலுக்குத் தட்டுப்பட ஒண்ணுமே இல்லாதப்ப எவ்வளவு பழகுனாலும் கண்ணு போய்த்தான் ஆகணும்.

ரிவர்ஸ் கேமரா விஷயத்துல எனக்கு எதிர்ப்பே இல்ல, காருக்குள்ள வந்ததுலயே உருப்படியானது அதுதான். நம்ம நாட்டுல 2019 ஜூலையிலேருந்து ரிவர்ஸ் சென்சார் கட்டாயம், அமெரிக்காவுல 2018 மே மாசத்துலேருந்து கேமராவே கட்டாயம், அங்க கியர் போட்ட 2 செகண்டுக்குள்ள படம் வந்தாகணும்னு விதி. அந்த 2 செகண்டை நீங்களும் பாருங்க. வண்டியை ஸ்டார்ட் பண்ண உடனே ரிவர்ஸ் போட்டுப் பாருங்க, ஸ்கிரீன் இன்னும் கம்பெனி பேரைக் காட்டிக்கிட்டு சுத்திக்கிட்டே இருந்தா அந்த கேமரா அவசரத்துக்கு ஆகாது, ஏன்னா தெருவுல பின்னாடி குழந்தைங்க விளையாடுறது காலையில வண்டியை எடுக்குறப்பதான். ராத்திரி பாக்கணும், மழையில பாக்கணும். ஐப்பசி அடைமழையில சேத்துல ஓடுற வண்டிக்கு லென்ஸ் எங்க பொருத்தியிருக்கான்றது அது எத்தனை மெகாபிக்சல்ன்றதை விட முக்கியம்.

வெளிச்சம் பத்தி யாருமே பேசுறதில்ல. நம்ம ஆறெல்லாம் மேக்கேருந்து கிழக்க ஓடுது, ரோடும் பெரும்பாலும் ஆத்தை ஒட்டியே கிழக்கு மேக்காத்தான் கிடக்கு. காலையில நாகப்பட்டினத்துலேருந்து தஞ்சாவூர் வந்தா வெயில் முதுகுப் பக்கத்துலேருந்து வந்து நேரா ஸ்கிரீன்ல அடிக்கும், பளபளன்னு இருக்குற ஸ்கிரீன்ல நம்ம சட்டைதான் தெரியும், கைரேகை வேற. போலராய்டு கண்ணாடி போடுறவங்க அதைப் போட்டுக்கிட்டே பாருங்க, சில ஸ்கிரீன் அப்படியே கறுத்துப் போயிடும். ராத்திரி இதுக்கு நேர் எதிர். மன்னார்குடி திருத்துறைப்பூண்டி ரோடு மாதிரி வெளக்கு கம்மியா இருக்குற ரோட்டுல கண்ணு இருட்டுக்குப் பழகியிருக்கும், அப்ப பக்கத்துல டிவி மாதிரி ஒண்ணு எரிஞ்சா முன்னாடி பின் லைட் இல்லாம வைக்கோல் ஏத்திக்கிட்டுப் போற டிராக்டர் தெரியாது. ஸ்கிரீனை சுத்தமா அணைக்க ஒரே தட்டுல வழி இருக்கான்னு கேளுங்க. முடிஞ்சா சாயங்காலம் ஏழு மணிக்கு மேல ஒரு டெஸ்ட் டிரைவ் கேளுங்க, குடுப்பாங்க.

குரல்ல சொன்னா வேலை செய்யுது, அதான் கண்ணை எடுக்கவே வேணாமேன்னு கேக்கலாம், ஐடியா நல்ல ஐடியாதான். ஆனா "கால் அம்மா"ன்னு சொல்லி சோதிக்காதீங்க, அது எல்லாத்துலயும் வேலை செய்யும். கும்பகோணத்துல நின்னுக்கிட்டு பாபநாசம் போகணும்னு சொல்லுங்க. பக்கத்துல இருக்குற நம்ம பாபநாசத்தை எடுக்குதா, இல்ல பொதிகை மலை அடிவாரத்துல இருக்குற திருநெல்வேலி பாபநாசத்துக்குக் கிளம்புதா? திருபுவனம்னு சொல்லுங்க, பட்டு நெய்யுற நம்ம திருபுவனமா, மதுரை தாண்டி சிவகங்கை ஜில்லாவுல இருக்குற திருப்புவனமா? அப்புறம் கொரடாச்சேரி, வலங்கைமான், திருத்துறைப்பூண்டி, இதெல்லாம் நாம சாதாரணமா பேசுற வேகத்துல சொல்லிப் பாருங்க, ஏசி ஃபுல்லா ஓடட்டும், பின்னாடி சீட்ல ஆள் பேசிக்கிட்டிருக்கட்டும். அங்கதான் தெரியும் மைக்கோட தரம். ரெண்டு மூணு தடவை திருப்பித் திருப்பிச் சொல்ல வச்சா கோவம்தான் வரும், கோவமா ஓட்டுறது கண்ணை எடுக்குறதை விட மோசம்.

அடாஸ். இதைப் பத்தி எங்க வீட்டுலயே ரெண்டு கட்சி. 2021 வாக்குல நம்ம ஊர் விலையில கிடைக்குற வண்டிகளுக்கும் வந்துடுச்சு, கேமராவும் ரேடாரும் சேந்து முன்னாடி பாத்துக்கிட்டே இருக்கும், மோதப் போறோம்னா தானா பிரேக் போடும், லேனை விட்டு விலகுனா ஸ்டியரிங்கை லேசா இழுக்கும். நான்கு வழிச்சாலையில அருமையா இருக்கும், அதுல சந்தேகமே இல்ல, தூக்கக் கலக்கத்துல போறவங்களைக் காப்பாத்தும். ஆனா லேன் கீப்புக்கு ரோட்டுல கோடு தெரியணும், நம்ம கிராமத்து ரோட்டுல கோடு எங்க இருக்கு, இருந்தாலும் தை மாசம் சம்பா அறுப்புல பாதி ரோட்டுல நெல்லைக் காயப் போட்டு சுத்தி கல்லு வச்சிருப்பாங்க. காய வைக்க வேற எடம் இல்லாம போடுறாங்க, அதைக் குத்தம் சொல்ல மாட்டேன். அந்த நெல்லுக்கு நாம ஒதுங்கி எதிர்ப் பக்கம் ஏறணும், வண்டி ஏறாதேன்னு இழுக்கக்கூடாது. சட்டுனு தானா பிரேக் போட்டாலும் பின்னாடி ஒட்டிக்கிட்டு வர்ற பஸ்ஸுக்கு அது தெரியாது. அதனால நான் அடாஸை எத்தனை வசதி இருக்குன்னு எண்ணிப் பாக்குறதில்ல. லேன் கீப்பை நிறுத்த ஸ்டியரிங்லயே ஒரு பட்டன் இருக்கா, இப்ப வேலை செய்யுதா செய்யலையான்னு மீட்டர்ல தெளிவா காட்டுதா, எச்சரிக்கை சத்தம் எதுக்கு வருதுன்னு கேட்ட உடனே புரியுதா, இல்ல எல்லாத்துக்கும் ஒரே டிங் டிங்கா? இந்த மூணும் சரியா இருந்தா காசு குடுக்கலாம்.

நெட் இருந்தாத்தான் வேலை செய்யுற வசதிகளை நான் தனியா பிரிச்சு வச்சுடுவேன். 2018 நவம்பர் 16 கஜா புயல் அடிச்சப்ப வேதாரண்யம் பக்கம் கரண்டும் இல்ல, டவரும் இல்ல, அந்த மாதிரி நாள்ல மேப் போன்லயோ வண்டியிலயோ இறக்கி வச்சிருந்தா ஓடும், இல்லன்னா கிடையாது, ரேடியோ மட்டும்தான் துணை. காரைக்கால் பண்பலை எந்த ஊர் வரைக்கும் சுத்தமா எடுக்குதுன்னு பாக்குறதும் ஒரு டெஸ்ட்தான், ரேடியோவை மூணு மெனுவுக்கு உள்ள ஒளிச்சு வச்சிருக்குற வண்டி எனக்கு வேணாம். அமெரிக்காவுல 2022ல ஏடி அண்ட் டின்ற போன் கம்பெனி 3ஜியை நிறுத்துனப்ப நல்லா ஓடிக்கிட்டிருந்த பல வண்டிங்கள்ல அந்த கனெக்டட் வசதியெல்லாம் செத்துப் போச்சு. இலவசம் எத்தனை வருஷம், அதுக்கப்புறம் எவ்வளவு கட்டணும்னு எழுத்துல வாங்கிக்கங்க.

ஸ்பீக்கருக்கு என் வழி நாகஸ்வரம் தவில். ஷோரூம்ல போடுற பாட்டு பேஸ் அதிரட்டும்னே பாத்து எடுத்து வச்சது. நல்ல தவில் ரெக்கார்டிங் போட்டா கூடு மாட்டுன விரல் தவிலோட ஒரு பக்கமான வலந்தலையில விழுறதும் அந்தப் பக்கம் குச்சி அடியும் தனித்தனியா கேக்கணும், எல்லாம் ஒரே குழம்பா வந்தா எத்தனை ஸ்பீக்கர் இருந்து என்ன.

கடைசியா, எத்தனை வருஷம் வரும்ன்றது. வண்டி வாங்குனவங்ககிட்ட கருத்துக் கேக்குற ஜே.டி. பவர் கம்பெனி 1987லேருந்து அமெரிக்காவுல பண்ற ஆரம்பத் தர சர்வே, வண்டி வாங்கி முதல் 90 நாள்ல 100 வண்டிக்கு எத்தனை குறைன்னு எண்ணுது, அதுல உடைஞ்சது மட்டும் இல்ல, பயன்படுத்தக் கஷ்டமா இருக்குன்னு சொன்னாலும் குறைதான், இப்ப சில வருஷமா அதுல அதிகமா மாட்டுறது இன்ஃபோடெயின்மென்ட்தான், அதாவது இந்த ஸ்கிரீன், பாட்டு, மேப் சமாச்சாரம். அதே கம்பெனி மூணு வருஷம் ஓடுன வண்டிக்குத் தனியா ஒரு சர்வே பண்ணுது, வாங்குறவங்க அதையும் பாக்கணும். 2021ல டெஸ்லா சுமார் 1,35,000 மாடல் எஸ், மாடல் எக்ஸ் வண்டிங்களைத் திரும்பக் கூப்பிட்டுச்சு, காரணம் ஸ்கிரீனுக்குப் பின்னாடி இருந்த 8 ஜிபி மெமரி. எழுதி எழுதி அந்தச் சிப் தேஞ்சு போனா ஸ்கிரீன் போயிடும், கூடவே ரிவர்ஸ் கேமராவும் கண்ணாடிப் பனி எடுக்குற கன்ட்ரோலும் போயிடும். என்ஜின் நல்லா இருக்குற வண்டிக்கு இந்த நிலைமை. நம்ம ஊர்ல கத்திரி வெயில்ல கண்ணாடி ஏத்திவிட்டு நாள் பூரா நிக்குற வண்டிக்குள்ள அந்தப் பெட்டி என்ன பாடுபடும்னு யோசிங்க.

பழைய வண்டியில ஸ்டீரியோ போச்சுன்னா தஞ்சாவூர்லயே கடையில வேற மாட்டிடலாம். இப்ப ஏசி, கேமரா, செட்டிங்ஸ் எல்லாம் ஒரே ஸ்கிரீன்ல இருக்குறதால கம்பெனி பாகம்தான் போடணும். அதனால அட்வான்ஸ் கட்டுறதுக்கு முன்னாடி சேல்ஸ் பக்கம் கேக்காம நேரா சர்வீஸ் பக்கம் ஸ்பேர்ஸ் கவுண்டருக்குப் போங்க, இந்த ஸ்கிரீன் வாரன்டிக்கு அப்புறம் போனா என்ன விலை, வர எத்தனை நாள் ஆகும், திருச்சியில ஸ்டாக் இருக்குமா சென்னையிலேருந்து வரணுமான்னு கேளுங்க. எங்க அண்ணன் திருவாரூர்ல அப்படித்தான் கேட்டாரு, அவங்க ஒரு தாள்ல எழுதிக் குடுத்த தொகையைப் பாத்துட்டு, சின்ன ஸ்கிரீனும் ஏசிக்கு மூணு திருகும் இருக்குற கீழ் வேரியன்ட்டைப் புக் பண்ணிட்டு வந்துட்டாரு.