ஈகிள் மதிப்பாய்வுக்கு முந்தைய வாரங்கள்: ஒரு தந்தையின் நாட்குறிப்பு

செப்டம்பர் 3, 2023, ஞாயிறு

மகளுக்குப் பதினெட்டு வயது நிறைய இன்னும் பத்து வாரங்களே இருக்கின்றன. அமெரிக்கச் சாரணர் இயக்கத்தின் மிக உயர்ந்த தரமான ஈகிள் ஸ்கவுட் தரத்துக்கான மதிப்பாய்வுக் குழுவின் அமர்வை மட்டும் பிறந்தநாளுக்குப் பின்னரும் நடத்தலாம். ஒவ்வொரு திறனுக்கும் பெறும் தகுதிச் சின்னங்கள், சேவைத் திட்டம், அவளுடைய சாரணர் படையை வழிநடத்தும் ஸ்கவுட் மாஸ்டருடனான உரையாடல் ஆகிய மற்ற அனைத்தும் அதற்கு முன்பே முடிந்தாக வேண்டும். 2019 பிப்ரவரியில் பாய் ஸ்கவுட்ஸ் ஆஃப் அமெரிக்கா இயக்கம் பதினொரு வயது நிரம்பிய பெண் பிள்ளைகளுக்கும் ஈகிள் வரை செல்லும் வழியைத் திறந்துவிட்ட சில வாரங்களில் அவள் சேர்ந்தாள். அப்போது அவளுக்குப் பதின்மூன்று வயது. அவள் எனக்குச் சொல்லித்தான் 1912ஆம் ஆண்டில் ஆர்தர் எல்ட்ரட் முதல் ஈகிள் ஆனதையும், அன்றும் 21 சின்னங்களே கேட்கப்பட்டன என்பதையும் அறிந்தேன்.

செப்டம்பர் 9, சனி

காலை முழுவதும் தேதிகளோடு போராடினோம். 21 சின்னங்களில் 14 கட்டாயமானவை. ஒவ்வொன்றின் தேதியும் விண்ணப்பத்திலும் இயக்கத்தின் வட்டார மன்ற அலுவலகப் பதிவேட்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். முதலுதவிச் சின்னத்தை முடித்ததற்குச் சான்றாக அவளிடம் உள்ள நீல அட்டை ஒரு மாதத்தைக் காட்டுகிறது, பதிவேடு வேறு மாதத்தைக் காட்டுகிறது. அட்டையைத் தூக்கி எறியாமல் நான்கு ஆண்டுகளாக உறையில் வைத்திருந்தாள் என்பதே எனக்குப் பெருமையாக இருந்தது. அலுவலகத்துக்குத் தானே தொலைபேசியில் பேசி, அட்டையின் படத்தை அனுப்பித் திருத்தக் கேட்டிருக்கிறாள்.

செப்டம்பர் 17, ஞாயிறு

இன்று சேவைத் திட்ட அறிக்கையை முடிக்க உட்கார்ந்தோம். முடியவில்லை, ஏனெனில் இருவருக்கும் கருத்து வேறுபட்டது. முதியோர் இல்லம் ஒன்றுக்கு, சக்கர நாற்காலியில் இருப்பவர்களும் செடி வளர்க்கும்படியாக நான்கு உயரமான மரப் பாத்திகள் செய்து கொடுப்பது அவளுடைய திட்டம். பணி தொடங்கும் முன்பே இல்லம், ஸ்கவுட் மாஸ்டர், படையின் குழு, இயக்கத்தின் மாவட்டக் கிளை ஆகிய நால்வரின் ஒப்புதலையும் பெற்றாயிற்று. வட்ட ரம்பத்தைப் பதினெட்டு வயது நிரம்பியவர்களே கையாளலாம் என்பது இயக்கத்தின் பாதுகாப்பு விதி. ஆகவே அவள் குறித்துத் தந்த கோட்டில் பலகை அறுப்பது என் வேலையாயிற்று. முதல் பாத்தி முப்பது அங்குல உயரத்தில், நான்கு பக்கமும் அடைத்த பெட்டியாக அழகாக அமைந்தது. இல்லத்தில் வசிக்கும் ஒரு மூதாட்டி நாற்காலியை உருட்டிக்கொண்டு அருகில் வந்தபோது, அவருடைய முழங்கால்கள் பலகையில் முட்டின. கை மண்ணை எட்டவே இல்லை. உயரத்தை அளந்த நாங்கள் எவருமே, காலுக்கு அடியில் இடம் வேண்டும் என்பதை எண்ணிப் பார்க்கவில்லை.

அன்றைய வேலையை அங்கேயே நிறுத்திவிட்டு, மற்ற மூன்றையும் மேசை போலக் கால்கள் வைத்து, அடியில் இருபத்தேழு அங்குலம் திறப்பு விட்டு அவள் புதிதாக வரைந்தாள். மண்ணின் ஆழம் எட்டு அங்குலமாகக் குறைந்ததால் தக்காளியைக் கைவிட்டு, வேர் ஆழமாக ஓடாத கீரைகளுக்கு மாற வேண்டியிருந்தது. முதல் பெட்டி நின்றபடி வேலை செய்யக்கூடியவர்களுக்கென்று தனியே வைக்கப்பட்டது.

மாறிய வரைபடத்தை மட்டும் அறிக்கையில் காட்டினால் போதும், முட்டிய முழங்கால்களைப் பற்றி எழுத வேண்டாம் என்பது என் யோசனை. அவள் மறுத்துவிட்டாள். "அப்பா, திட்டத்தில் என்ன மாறியது, ஏன் மாறியது என்றுதான் அந்தப் பக்கத்தில் கேட்கிறார்கள். இதைத் தவிர வேறு என்ன இருக்கிறது எழுத?" என்றாள். சாரணர் சட்டத்தின் பன்னிரண்டு பண்புகளில் முதலாவது நம்பகத்தன்மை. அதை அவள் எடுத்துச் சொல்லவில்லை, எனக்கே நினைவுக்கு வந்தது.

செப்டம்பர் 26, செவ்வாய்

ஸ்கவுட் மாஸ்டருடனான உரையாடல் ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்ததாம். விண்ணப்பத்தில் கையெழுத்தாகிவிட்டது. முதலுதவித் தேதியும் சரியாகிவிட்டது.

அக்டோபர் 1, ஞாயிறு

பரிந்துரைக் கடிதத்துக்குரிய பட்டியலில் பெற்றோருக்கும் ஓர் இடம் உண்டு. அந்தக் கடிதங்களைக் குழுவினர் மட்டுமே படிப்பார்கள். பிள்ளையிடம் காட்டவும் மாட்டார்கள், திருப்பித் தரவும் மாட்டார்கள். மூன்று இரவுகளாக எழுதி எழுதிக் கிழித்தேன். சின்னங்களின் எண்ணிக்கையையும் முகாம்களில் கழித்த இரவுகளையும் எழுதிய முதல் இரண்டு பிரதிகள் விண்ணப்பத்தின் நகல் போலவே இருந்தன. அவையெல்லாம் குழுவின் கையில் ஏற்கெனவே இருக்கின்றன. கடைசியில் ஒரே நாளைப் பற்றி எழுதினேன். நடைப்பயணச் சின்னத்துக்காக ஒரே நாளில் இருபது மைல் நடக்க வேண்டிய அன்று, பதினான்காவது மைலில் காலில் கொப்புளம் கண்ட இளைய சாரணி ஒருத்தியின் வேகத்துக்கு மகள் தன் நடையைக் குறைத்துக்கொள்ள, இருட்டிய பிறகே இருவருமாக வந்து சேர்ந்தார்கள். வாகனத்தருகே காத்திருந்த நான் தாமதத்துக்காக அவளைக் கடிந்துகொண்டேன். காரணத்தை அந்தச் சிறுமியின் தாய் சொல்லித்தான் பிறகு அறிந்தேன். மகளிடம் அன்று கேட்காத மன்னிப்பும் அந்தக் கடிதத்தில் இருக்கிறது.

அக்டோபர் 8, ஞாயிறு

இன்று மாலை நான் கேள்விகள் கேட்க, அவள் பதில் சொல்லிப் பழகினாள். மதிப்பாய்வு மறுதேர்வு அன்று என்பதை இயக்கத்தின் வழிகாட்டி நூல் தெளிவாகச் சொல்கிறது. முடிச்சுப் போட்டுக் காட்டச் சொல்ல மாட்டார்கள், சாரண வாழ்வில் என்ன கற்றாய், இந்தத் தரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வாய் என்றே கேட்பார்கள். இதை அறிந்தும் நான் பவ்லைன் முடிச்சின் பயன், முக்காலிக் கட்டு என்று கேட்டுக்கொண்டே போனேன். எனக்கு விடை தெரிந்த கேள்விகள் அவைதாம். அவள் பொறுமையாகப் பதில் சொன்னாள். பிறகு நான், எந்தப் பண்பு உனக்கு மிகக் கடினமாக இருக்கிறது என்று கேட்டேன். நெடுநேரம் யோசித்து, மலர்ந்த முகத்தோடு இருப்பது என்றாள். அணித் தலைவியாக இருந்த ஆறு மாதங்களில் மழை பெய்த முகாம்களில் சிரித்ததெல்லாம் பிறருக்காக என்றாள். அதற்கு மெருகேற்றிய ஒரு பதிலை என் நாக்கு தயாராக வைத்திருந்தது. சொல்லவில்லை. இனிப் பயிற்சி வேண்டாம் என்று முடிவு செய்தோம்.

அக்டோபர் 19, வியாழன்

சீருடையை அவளே தேய்த்து, சின்னப் பட்டையைத் தோளில் அணிந்துகொண்டாள். குழுவில் நால்வர். பெற்றோர் எந்த வகையிலும் உள்ளே இருக்கக் கூடாது என்பதால் நான் நடைக்கூடத்து நாற்காலியில் அமர்ந்திருந்தேன். நாற்பது நிமிடங்களுக்குப் பின், அவர்கள் கலந்து பேசுவதற்காக அவள் வெளியே அனுப்பப்பட்டாள். முடிவு ஒருமனதாக இருக்க வேண்டும் என்பது விதி. ஒருவர் தயங்கினாலும் தரம் கிடைக்காது.

என்ன கேட்டார்கள் என்று வினவினேன். திட்டத்தைப் பற்றிச் சொல் என்றார்களாம். மூதாட்டியின் முழங்கால்களிலிருந்தே தொடங்கியதாகச் சொன்னாள். பிறகு, கடிதங்கள் அவர்கள் முன் விரிந்திருந்தன, அவற்றில் உங்கள் கையெழுத்தைப் பார்த்தேன், என்ன எழுதினீர்கள் என்று கேட்டாள். இருபது மைல் நடந்த அந்த இரவைப் பற்றி என்றேன். அதைச் சொல்லி முடிப்பதற்குள் கதவு திறந்தது. அவளை உள்ளே வரச் சொன்னார்கள். இம்முறை என்னையும் அழைத்தார்கள். நால்வரும் எழுந்து நின்று அவள் கையைக் குலுக்கினார்கள். தேசிய அலுவலகத்தின் சான்றிதழ் வரச் சில வாரங்கள் ஆகலாம்; ஆனால் அவள் ஈகிள் ஆன தேதியாக இன்றைய நாளே பதிவாகும்.

வீடு திரும்பும் வழியில் வண்டியை ஓரமாக நிறுத்தி, அந்த இரவுக்கான மன்னிப்பை அவளிடமே கேட்டேன்.