ஹேலிங் தீவு ஸ்டேஷனும் ஒரு மரப்பாலமும்

இங்கிலாந்தில் மூடிப்போன ஸ்டேஷன் எதைப் பற்றிப் பேச்செடுத்தாலும் அன்றைய பிரிட்டிஷ் ரயில்வே தலைவர் பீச்சிங்கின் தலைதான் முதலில் உருளும். 1963 மார்ச்சில் வந்த அவருடைய அறிக்கை ஏகப்பட்ட கிளைப் பாதைகளுக்கு முடிவு கட்டியது உண்மைதான். ஆனால் இங்கிலாந்தின் தென்கரையில் இருக்கும் ஹேலிங் தீவுக்குப் போன பாதையை மூட வைத்தது ஒரு மரப்பாலம்.

ஹேவன்ட் என்ற ஊரில் பிரிந்து தெற்கே நாலரை மைல் போகும் சின்னப் பாதை அது. முதலில் தீவின் மேற்கே சேற்றுப் பரப்பில் கரை எழுப்பித் தண்டவாளம் போடப் பார்த்தார்கள். கடல் அதை அரித்துவிட்டது. அப்புறம் தரையின் மேலேயே போட்டு, 1867 ஜூலையில் பயணிகளை ஏற்றினார்கள்.

தீவுக்குள் நுழைய லாங்ஸ்டனில் கடலைத் தாண்ட வேண்டும். அங்கேதான் அந்தப் பாலம். படகுகளுக்கு வழிவிட நடுப்பகுதி திரும்பிக்கொள்ளும். கனமான என்ஜின்களைத் தாங்காது. அதனால் வில்லியம் ஸ்ட்ரௌட்லி 1870களில் வடிவமைத்த, சுமார் 28 டன் எடையுள்ள 'டெரியர்' என்ஜின்களே கடைசிவரை இங்கே ஓடின. 1872இல் பிறந்த 'ஃபென்சர்ச்' 1963இலும் வேலையில் இருந்தது!

கோடையில் கூட்டத்துக்குக் குறைவே இல்லை. ஆனால் பாலத்தைச் சீர்செய்ய 4 லட்சம் பவுண்ட் ஆகும் என்று கணக்குச் சொன்னார்கள். 1963 நவம்பர் தொடக்கத்தோடு ரயில் நின்றது. எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

நீர் வடிந்த நேரமாகப் பார்த்துப் போங்கள். பாலத்தின் அடிக்கட்டைகள் பாசி பிடித்து, சேற்றில் வரிசையாக நிற்பது தெரியும். தண்டவாளம் கிடந்த இடத்தில் இப்போது நடக்கலாம், சைக்கிள் ஓட்டலாம். கடைசி ஸ்டேஷனில் மிஞ்சியது சரக்குக் கொட்டகை மட்டும். அதை நாடக அரங்காக்கிவிட்டார்கள். இடித்துத் தள்ளாமல் விட்டார்களே, அதற்கே கும்பிடு போடலாம்.

பாதையைக் கொன்ற அதே பாலம்தான் இந்த என்ஜின்களைக் காப்பாற்றியது என்பேன். வேறு எதுவும் போக முடியாததால்தான் இவை அவ்வளவு நாள் உடைக்கப்படாமல் இருந்தன. செய்த 50இல் 10 இன்றும் இருக்கின்றன. அதில் ஒன்றான 'நியூயிங்டன்' 1966இல் ஹேலிங்கிலேயே ஒரு மதுக்கடை வாசலில் காட்சிப் பொருளானது. 1979இல் அதை வைட் தீவுக்குக் கொண்டுபோய், பழுது பார்த்து, 'ஃப்ரெஷ்வாட்டர்' என்ற பழைய பெயரிலேயே மறுபடி ஓட்டினார்கள். அந்த ஊர் அதற்குப் புதிதல்ல. 1913 முதல் 1949 வரை அங்கே ஓடிய வண்டிதான்.