முதல் 11, பிறகு 13

திருகோணமலை டைக் வீதியில இண்டைக்கு ஒரு கலியாண வீடு. பந்தி தொடங்க முன்னமே ஒரு மாமி லன்ச் ஷீற் விரிச்சு, சோறு, கத்தரிக்காய்ப் பால்கறி, பாரை மீன் எல்லாம் வைச்சு மடிச்சுக்கொண்டிருந்தா. மீனில நல்ல நடுத்துண்டாப் பார்த்துத்தான் எடுத்தவ.

“ஆருக்கு மாமி?”

“வாசல்ல நிக்கிற ஆட்டோத் தம்பிமாருக்கும் கதிரை இறக்கின பெடியனுக்கும். கடைசியில குடுத்தா அடிச்சட்டிதான் மிஞ்சும், பிள்ளை.”

காலையில சேர்ச்சில வாசிச்சது பைபிளில 1 கொரிந்தியர் 13ஆம் அதிகாரம், அப்போஸ்தலர் பவுல் கொரிந்து சபைக்கு எழுதின கடிதத்தில வாறது. “அன்பு நீடிய சாந்தமும் தயவுமுள்ளது.” கலியாணம் எண்டால் எங்கட ஆக்களுக்கு அந்த அதிகாரம் வேணும்.

ஆனா பவுல் அதைக் கலியாணத்துக்கு எழுதேல்ல. சண்டை பிடிச்சுக்கொண்டிருந்த ஒரு சபைக்கு எழுதினவர்.

நான் பவுலின்ர ஆள், நான் அப்பொல்லோ எண்ட மற்றப் போதகரின்ர ஆள் எண்டு பிரிஞ்சு நிண்டவை. சகோதரனையே வழக்குக்கு இழுத்தவை. 11ஆம் அதிகாரத்தைப் பாருங்கோ: சபை ஒண்டாக் கூடிச் சாப்பிடுற கர்த்தருடைய பந்தியிலயே சிலர் முந்திச் சாப்பிட, இல்லாத சனம் பசியோட இருந்திருக்கு.

எனக்கு அந்த இடம் வாசிக்கவே நெஞ்சு வலிக்கும்.

அதுக்குப் பிறகு 13க்கு வந்து, அன்பு “தற்பொழிவை நாடாது”, அதாவது தன்ர நலத்தை மட்டும் தேடாது எண்டு வாசிச்சுப் பாருங்கோ. ஆர் முதல் சாப்பிடுறது, ஆருக்கு நல்ல துண்டு போறது எண்ட கேள்வியெல்லாம் அதுக்குள்ள வந்திடும்.

எங்கட சபைக் கூட்டங்களிலயும் இதை வாசிக்கவேணும் எண்டு எனக்கு ஆசை. பதவிப் போட்டி, கணக்குச் சண்டை வாற நாளில. முதல் 11, பிறகு 13.