கட்டம் கட்டமாகச் சிதறும் சிரசு ஊர்வலம்

மே 4

கத்திரி இன்றைக்கு ஆரம்பம். குடியாத்தத்திலிருந்து பெரியப்பா ஒரு மஞ்சள் பை நிறைய மினி-டிவி (MiniDV) வீடியோ கேசட்டுகளையும் பழைய கேம்கார்டரையும் அனுப்பியிருக்கிறார். கெங்கையம்மன் சிரசுத் திருவிழா வைகாசி முதல் தேதி. அதற்குள் அவர் 2006-ல் எடுத்த ஊர்வலத்தைப் பென் டிரைவில் ஏற்றித் தர வேண்டுமாம்.

ஒரு கேசட்டைக் கணினியில் ஏற்றினேன். தரணம்பேட்டை முத்தியாலம்மன் கோயிலிலிருந்து சிரசு (அம்மனின் தலை) புறப்படும் இடத்திலேயே படம் கட்டம் கட்டமாகச் சிதறுகிறது, மேளச் சத்தம் விட்டுவிட்டுக் கேட்கிறது. "எடிட்டிங் சாப்ட்வேரை மாத்து" என்கிறான் தம்பி. எல்லோரும் முதலில் சொல்வது அதுதான். கேசட், டேப்பைப் படிக்கும் ஹெட், கேபிள், ஹார்ட் டிஸ்க் எல்லாம் தாண்டிக் கடைசியில்தான் சாப்ட்வேர் வருகிறது. கேமராவின் சின்னத் திரையில் அதே இடத்தை ஓட்டிப் பார்த்தேன். அங்கேயும் சிதறல். ஆக, கணினி மேல் குற்றமில்லை.

மே 6

சிதறலை உற்றுப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரிகிறது. படம் படுக்கைப் பட்டைகளாகப் பிரிந்து, ஒன்றுவிட்டு ஒரு பட்டை பழைய காட்சியிலேயே நிற்கிறது. நம் ஊர் வீடியோ முறையான பால் (PAL) முறையில் ஒரு பிரேம், அதாவது ஒரு முழுப் படம், டேப்பில் 12 தடங்களாகப் பதிகிறது. தடத்துக்கு 48 வரி, மொத்தம் 576. சுழலும் டிரம்மில் உள்ள இரண்டு ஹெட்டுகள் அந்தத் தடங்களை மாறி மாறிப் படிக்கின்றன. ஒன்றில் அழுக்கு அடைத்தால் பாதித் தடம் போச்சு. இல்லாத இடத்தை முந்தைய பிரேமை வைத்துக் கேமரா ஒட்டுப்போட்டு விடுகிறது.

காட்பாடியில் கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டூடியோக்கார அண்ணனிடம் கிளீனர் கேசட் இருந்தது. பத்து விநாடி ஓட்டினால் போதும். தேய்த்த பகுதியை ரீவைண்ட் செய்து மறுபடி தேய்க்கக் கூடாது. அழுக்கு திரும்ப ஹெட்டுக்கே வரும். பீரோவில் வருஷக்கணக்கில் கிடந்த டேப் என்பதால் கடைசி வரை ஓட்டி, திரும்பச் சுற்றிவிட்டு, அப்புறம் பிளே செய்தேன். பட்டைகள் போய்விட்டன.

மே 8

இந்தக் கேமராவிலிருந்து வீடியோவை அப்படியே கணினிக்கு எடுக்க ஃபயர்வயர் என்ற இணைப்பு வேண்டும். என் லேப்டாப்பில் அது இல்லை. இந்தக் கேமராவின் யுஎஸ்பி வழியாக வருவது மங்கலான படம். அது போட்டோ எடுக்க வைத்த வழி. அண்ணனின் பழைய டெஸ்க்டாப்பில் ஃபயர்வயர் கார்டு இருக்கிறது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

இப்போது வேறு கோளாறு. கட்டம் இல்லை, ஆனால் ஆட்கள் திடீரென்று ஓர் அடி தாவுகிறார்கள். கேமராத் திரையில் அதே இடம் ஒழுங்காக ஓடுகிறது. அப்படியென்றால் நடுநடுவே பிரேம் விடுபடுகிறது, தப்பு கணினிப் பக்கம். விநாடிக்கு 3.6 எம்பி வந்துகொண்டே இருக்கும். டேப் யாருக்காகவும் நிற்காது. பின்னால் ஆன்டிவைரஸ் ஓடிக்கொண்டிருந்தது, நிறுத்தினோம். ஃபைல் வேறு 20 நிமிடம் நெருங்கும்போதே அறுந்தது. எக்ஸ்டெர்னல் டிஸ்க் ஃபேட்32 (FAT32) என்ற பழைய முறையில் ஃபார்மேட் செய்தது. 4 ஜிபிக்கு மேல் ஒரு ஃபைல் ஏற்காது. ஒரு மணி நேர கேசட்டுக்கு 13 ஜிபி வேண்டும். அந்த வரம்பு இல்லாத என்டிஎஃப்எஸ் (NTFS) டிஸ்க்குக்கு மாறினோம். மதியம் கரண்ட் போனது. யுபிஎஸ்ஸைக் கண்டுபிடித்தவர் நன்றாக இருக்கட்டும்.

மே 11

பெரியப்பா போன். "இன்னாப்பா, ஆயிடுச்சா?"

கோபாலபுரம் கோயிலில் சிரசைச் சண்டாளச்சி (புராணக் கதையில் வரும் இன்னொரு பெண்) உடலில் பொருத்தும் கட்டத்தில் எல்லோரும் கீச்சுக் குரலில் பேசுகிறார்கள். ஒரே கேசட்டில் ஒலிப்பதிவு பாதி 48 கிலோஹெர்ட்ஸ் (விநாடிக்கு 48,000 மாதிரிகள்), பாதி 32 கிலோஹெர்ட்ஸ். நடுவில் யாரோ மெனுவை நோண்டியிருக்கிறார்கள் (பெரியப்பா மறுக்கிறார்). ஃபைலின் தொடக்கத்தை மட்டும் பார்த்து முழுவதும் 48 என்றே சாப்ட்வேர் எடுத்துக்கொண்டது. டைம்லைனில் வேகத்தைக் குறைத்து ஒப்பேற்றலாம்தான், எனக்குப் பிடிக்கவில்லை. அந்த இடத்திலிருந்து டேப்பை ஓட்டித் தனி ஃபைலாக மறுபடி கணினியில் கேப்சர் செய்தேன். குரல் சரியாகிவிட்டது.

மே 13

ஷாட்கட் என்ற சாப்ட்வேரில் எடிட்டிங். கூட்டம் நகரும்போது விளிம்புகளில் சீப்புப் பல், கூடவே முன்னும் பின்னும் ஓர் உதறல். சீப்புப் பல்லுக்குக் காரணம் இன்டர்லேஸ்: ஒவ்வொரு பிரேமும் ஒற்றை வரிகள், இரட்டை வரிகள் என்று அடுத்தடுத்த நொடித்துளிகளில் எடுத்த இரண்டு ஃபீல்டுகளாகப் பதிவாகிறது. உதறலுக்குக் காரணம் அந்த ஃபீல்டுகளின் வரிசை. இந்தக் கேசட்டின் டிவி (DV) முறையில் கீழ் ஃபீல்டுதான் முதலில். கிளிப்பின் பிராப்பர்ட்டீஸில் அது மேல் ஃபீல்டு என்று இருந்தது. மாற்றியதும் உதறல் நின்றது. ஏற்றுமதியை விநாடிக்கு 50 பிரேமாக வைத்து டீஇன்டர்லேஸ் செய்தேன், அதாவது ஒவ்வொரு ஃபீல்டையும் தனிப் பிரேமாக்கினேன். 25 போட்டால் ஓட்டத்தில் பாதி போய்விடும்.

வாணவேடிக்கையில் மூன்று நான்கு விநாடி மட்டும் தேறவில்லை, டேப்பே மடங்கியிருக்கிறது. மேலே பூ, நட்சத்திரம் என்று எஃபெக்ட் போட்டு மறைக்கலாம் என்றார் அண்ணன். வேண்டாம் என்று அப்படியே விட்டேன். ஃபைல் பென் டிரைவில் ஏறிவிட்டது. நாளைக் காலை குடியாத்தம் பஸ்.